இரையும் முள்ளும்: தூண்டிலஞ்சல் தடுப்பும் முனையப் பாதுகாப்பும் ஒன்றையொன்று நாடிய வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மின்னஞ்சல் வழி வரும் ஏமாற்றைத் தடுக்கும் முறைகளும் பயனரின் கணினியைக் காக்கும் முறைகளும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளுக்காகத் தோன்றியவை. அவை ஒன்றுக்கொன்று துணையானவை என்னும் கருத்து இன்று பொதுவாக ஏற்கப்பட்டுள்ளது. ஆயினும் அத்துணைமை எவ்வாறு அமைகிறது என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை. 2011இல் ஆர்எஸ்ஏ நிறுவனத்தில் நிகழ்ந்த ஊடுருவலை மையச் சான்றாகக் கொள்ளும் இக்கட்டுரை, காவல்களின் எண்ணிக்கை கூடுவதால் அன்று, ஒரு காவல் அறிந்ததை மற்றொன்றும் அறிய நேர்வதாலேயே அத்துணைமை உண்டாகிறது என்னும் கருத்தை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: தூண்டிலஞ்சல், முனையப் பாதுகாப்பு, தீநிரல், இணையக் குறி, ஆர்எஸ்ஏ ஊடுருவல், வங்கதேச வங்கிக் கொள்ளை

முன்னுரை

மின்னஞ்சல் ஏமாற்றில் இரண்டு கட்டங்கள் உள்ளன. நம்பத்தக்கது போன்ற தோற்றத்துடன் ஒரு மடல் வந்து சேர்வது முதற்கட்டம். அதைப் பெற்றவர் இணைப்புக் கோப்பைத் திறப்பதாலோ தொடுப்பை அழுத்துவதாலோ அவருடைய கணினியில் ஏதேனும் ஒன்று நிகழ்வது இரண்டாம் கட்டம். ஆங்கிலத்தில் ஃபிஷிங் என வழங்கும் இச்செயல் இக்கட்டுரையில் தூண்டிலஞ்சல் எனப்படுகிறது. சூதில் பெறும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிட்டார் திருவள்ளுவர். மீனுக்கு இரையாகத் தோன்றுவதும் அதன் வாயில் முள்ளாகத் தைப்பதும் ஒன்றே என்பதில்தான் அவ்வுவமையின் ஆற்றல் உள்ளது. மின்னஞ்சல் தூண்டிலும் அத்தகையதே. ஆனால் அதைத் தடுக்க எழுந்த தொழில்நுட்பங்கள் இரையை ஒரு துறையிடமும் முள்ளை மற்றொரு துறையிடமும் ஒப்படைத்தன. அஞ்சல் வடிகட்டிகள் இரையை ஆராய்ந்தன. நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்கள் முள்ளைத் தேடின.

முனையம் என்பது வலையமைப்பின் கடைசியில் பயனரின் கையில் இருக்கும் கருவி. மேசைக்கணினி, மடிக்கணினி, கைப்பேசி ஆகிய யாவும் இதில் அடங்கும். அஞ்சற் காவல், 'இதை அனுப்பியவர் யார்? எங்கிருந்து வந்தது?' என்று கேட்கிறது. முனையக் காவல், 'இது இங்கே என்ன செய்கிறது?' என்று கேட்கிறது. மென்பொருள் விற்பனை ஏடுகள் இவ்விரண்டையும் ஒரு கோட்டையின் உள்மதிலாகவும் புறமதிலாகவும் வருணிப்பது வழக்கம். அவ்வுவமை வரலாற்றுக்குப் பொருந்துவதாக இல்லை. மதில்கள் ஒன்றோடொன்று பேசுவதில்லை. இவ்விரு காவல்களின் தோல்விகளில் பெரும்பாலானவை பேச்சற்ற அந்த இடைவெளியில்தான் நிகழ்ந்துள்ளன.

இருவேறு தோற்றங்கள்

மின்னஞ்சலைக் கணினிகளிடையே கொண்டுசெல்லும் நெறிமுறையை ஜோனதன் போஸ்டல் 1982இல் ஆர்எஃப்சி 821 என்னும் ஆவணமாக வெளியிட்டார். அனுப்புநர் முகவரி உண்மையானதா எனச் சோதிக்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. அஞ்சலட்டையின் அனுப்புநர் பகுதியில் எவர் பெயரையும் எழுதலாம் என்பது போன்ற நிலை அது. ஒருவரையொருவர் அறிந்த சிறு ஆய்வுச் சமூகத்திற்கு அது போதுமானதாக இருந்தது.

முனையப் பாதுகாப்பின் தொடக்கத்திற்கும் அஞ்சலுக்கும் தொடர்பில்லை. 1986இல் லாகூரைச் சேர்ந்த இரு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' என்னும் நச்சுநிரல் நெகிழ்வட்டுகளின் தொடக்கப் பகுதியில் தங்கிப் பரவியது. அக்காலத்தில் எழுந்த நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்கள் கோப்புகளையும் வட்டுகளையும் சோதித்தன. ஒரு கோப்பு எவ்வழியே வந்தது என்பது அவற்றுக்குப் பொருட்டாக இருக்கவில்லை.

மறுபுறம், 1990களின் நடுவில் அமெரிக்கா ஆன்லைன் சேவையின் பயனர்களைக் குறிவைத்துத் தோன்றிய முதல் தூண்டிலஞ்சல்களில் கோப்பு என்பதே இல்லை. நிறுவன ஊழியர்போல் நடித்துச் செய்தி அனுப்பிக் கடவுச்சொல்லையும் கடனட்டை எண்ணையும் கேட்டுப் பெறுவதே அவற்றின் முறை. ஆகவே தொடக்கத்தில் நச்சுநிரலுக்கு அஞ்சல் தேவைப்படவில்லை, தூண்டிலஞ்சலுக்கு நச்சுநிரலும் தேவைப்படவில்லை. அவற்றைத் தடுக்கும் துறைகள் தனித்தனியே வளர்ந்தமைக்கு இதுவே காரணம்.

1999 மார்ச் 26 அன்று வெளிப்பட்ட 'மெலிசா' இவ்விரண்டையும் பிணைத்தது. வேர்டு ஆவணத்தில் மேக்ரோவாக ஒளிந்திருந்த அது, ஆவணம் திறக்கப்பட்டதும் பயனரின் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் முதல் ஐம்பது முகவரிகளுக்குத் தன்னையே அனுப்பிக்கொண்டது. அடுத்த ஆண்டு மே 4 அன்று மணிலாவிலிருந்து புறப்பட்ட 'ஐ லவ் யூ' பட்டியலில் உள்ள அனைவருக்கும் சென்றது. அதன் இணைப்புக் கோப்பின் பெயரில் எழுத்துக் கோப்புக்குரிய ஈறும், அதன்பின் நிரற்கோப்புக்குரிய ஈறும் அடுத்தடுத்து அமைந்திருந்தன. அறிந்த வகைக் கோப்புகளின் இறுதி ஈற்றை விண்டோஸ் இயல்பாகவே மறைத்துக் காட்டியதால், பயனரின் கண்ணுக்கு அது ஒரு கடிதமாகவே தெரிந்தது.

இவ்விரு நிகழ்வுகளிலும் ஊன்றி நோக்கத்தக்கது, அனுப்புநர் முகவரி பொய்யாக இல்லை என்பதாகும். மடல் உண்மையாகவே உடன் பணியாற்றுபவரின் கணினியிலிருந்து, அவருடைய முகவரியிலிருந்து வந்தது. 'அனுப்பியவர் யார்?' என்ற வினாவுக்குச் சரியான விடை கிடைத்தும் ஆபத்து நீங்கவில்லை. முனையம் தீநிரலுக்கு ஆட்பட்டபின் அஞ்சற் காவலின் அடிப்படை வினாவே பொருளிழந்தது. மைக்ரோசாப்ட் 2000 ஜூனில் வெளியிட்ட அவுட்லுக் திருத்தம், இயங்கத்தக்க வகைக் கோப்புகளை அஞ்சலிலிருந்து திறக்கவே விடாமல் தடுத்தது. அஞ்சலின் குற்றத்தை முனையத்தில் நின்று திருத்த முயன்ற முதற்படிகளுள் ஒன்றாக இதைக் கொள்ளலாம்.

அனுப்புநரை அறியும் முயற்சிகள்

அடுத்த பத்தாண்டுகளில் அஞ்சற் காவல் தன் வழியிலேயே முன்னேறியது. பால் கிரஹாம் 2002இல் எழுதிய கட்டுரை, சொற்களின் நிகழ்தகவைக் கொண்டு வேண்டா அஞ்சலைப் பிரிக்கும் முறையைப் பரவலாக்கியது. ஒரு களப்பெயரின் சார்பில் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள சேவையகங்கள் எவை என அறிவிக்கும் எஸ்பிஎஃப் 2006இலும், மடலுக்கு மறையீட்டுக் கையொப்பம் இடும் டிகேஐஎம் 2007இலும் ஆவணப்படுத்தப்பட்டன. இவ்விரண்டையும் பிணைத்து, சோதனையில் தோற்ற மடலை என்ன செய்வது எனக் களப்பெயர் உரிமையாளரே அறிவிக்க உதவும் டிமார்க் 2012இல் வெளிவந்தது.

இவற்றின் பயன் பெரிது; எல்லையும் தெளிவானது. வங்கியின் களப்பெயரைத் திருடிப் பயன்படுத்துவதை இவை தடுக்கும். வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் புதிதாகப் பதிவுசெய்த களப்பெயரிலிருந்து வரும் மடல், இம்மூன்று சோதனைகளிலும் முறையாகத் தேறிவிடும்.

ஆர்எஸ்ஏ, 2011: வடிகட்டி சரியாகச் சொன்ன பின்பும்

2011இல் ஆர்எஸ்ஏ, ஈஎம்சி நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவாக இருந்தது. அறுபது நொடிக்கு ஒருமுறை மாறும் எண்ணைக் காட்டும் 'செக்யூர்ஐடி' என்னும் சிறுகருவியை உலகெங்கும் உள்ள வங்கிகளும் அரசுகளும் படைத்தளவாட நிறுவனங்களும் அதனிடமிருந்து பெற்றிருந்தன. பிறருக்குப் பாதுகாப்பை விற்கும் நிறுவனமே ஒரு தூண்டிலஞ்சலால் வீழ்ந்ததால், இந்நிகழ்வு வழக்கத்தைவிட விரிவாக ஆவணப்படுத்தப்பட்டது.

நிறுவனம் 2011 ஏப்ரலில் வெளியிட்ட விளக்கத்தின்படி, இரண்டு நாட்களில் இருவகை மடல்கள் ஊழியர்களின் இரு சிறு குழுக்களுக்கு அனுப்பப்பட்டன. அவர்கள் உயர்பதவியினரோ சிறப்பு அதிகாரம் உடையவர்களோ அல்லர். மடலின் தலைப்பு 2011ஆம் ஆண்டின் ஆளெடுப்புத் திட்டம் என்பது. இணைப்பாக அதே பெயரில் ஓர் எக்செல் கோப்பு. அஞ்சல் வடிகட்டி அம்மடலை வேண்டா அஞ்சல் அடைவுக்குள் தள்ளிவிட்டது. அதாவது, அஞ்சற் காவல் தன் கடமையைச் செய்தது. ஊழியர் ஒருவர் அவ்வடைவுக்குச் சென்று மடலை மீட்டெடுத்துக் கோப்பைத் திறந்தார்.

எஃப்-செக்யூர் நிறுவன ஆய்வாளர்கள் சில மாதங்களுக்குப் பின், பலரும் ஐயத்திற்குரிய கோப்புகளைச் சோதிக்கப் பயன்படுத்தும் பொதுச் சேவையொன்றின் சேமிப்பில் அம்மடலையே கண்டெடுத்தனர். மார்ச் 3ஆம் நாளிட்ட அது, வேலைவாய்ப்புத் தளம் ஒன்றின் முகவரியிலிருந்து வந்ததுபோல் புனையப்பட்டிருந்தது. பார்வைக்கு அனுப்புவதாகவும் திறந்து பார்க்குமாறும் சொல்லும் ஒரு வரிக்கு மேல் அதில் எதுவும் இல்லை. கோப்பைத் திறந்தால் வெற்று அட்டவணையும் முதற்கட்டத்தில் ஒரு பெருக்கற்குறியும் மட்டுமே தெரிந்தன. அக்குறிதான் கோப்பினுள் பொதிந்துவைக்கப்பட்ட ஃபிளாஷ் பொருள். அடோபி நிறுவனம் அதுவரை திருத்தியிராத ஒரு பிழையின் வழியே, 'பாய்சன் ஐவி' என்னும் தொலைக்கட்டுப்பாட்டு நிரலை அது கணினியில் நிறுவியது. நாடகத்தன்மை ஏதுமற்ற இரை அது. உலகின் முதன்மையான பாதுகாப்பு நிறுவனம் ஒன்றை வீழ்த்த அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

இதன்பின் ஊடுருவியோர் உள்வலையில் கணக்குகளைக் கைப்பற்றிப் படிப்படியாக அதிகாரம் மிக்க பயனர்களை நோக்கி நகர்ந்தனர். எடுத்த தரவுகளைக் கடவுச்சொல்லிட்ட பொதிகளாக்கி வெளிச்சேவையகத்திற்கு அனுப்பினர். மார்ச் 17 அன்று நிறுவனத்தின் செயல்தலைவர் ஆர்ட் கவியெல்லோ திறந்த மடல் ஒன்றின் வழியே ஊடுருவலை அறிவித்தார். மே மாதம் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் செக்யூர்ஐடி தொடர்பான தகவல் பயன்படுத்தப்பட்டது உறுதியானதும், ஜூனில் கருவிகளை மாற்றித்தர ஆர்எஸ்ஏ முன்வந்தது. ஈஎம்சி இதற்கென 2011ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டில் 6.6 கோடி டாலர் செலவைக் கணக்கில் காட்டியது.

இந்நிகழ்வை 'ஊழியரின் கவனக்குறைவு' என ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. அது முழுமையான விளக்கமன்று. ஆளெடுப்புத் திட்டம் பற்றிய மடலைத் தவறாக ஒதுக்கப்பட்டது என ஒருவர் எண்ணுவதில் வியப்பில்லை. நல்ல மடல்களும் அவ்வடைவில் சிக்குவதை அலுவலகங்களில் பணிபுரிவோர் அனைவரும் அறிவர். இங்கு எழும் வரலாற்று வினா வேறு. வடிகட்டி அம்மடலை ஐயுற்றது. அந்த ஐயம் மடல் கிடந்த அடைவின் பெயரில் மட்டுமே பதிந்திருந்தது. மடல் அங்கிருந்து வெளியே எடுக்கப்பட்டபோது ஐயம் அடைவிலேயே தங்கிவிட்டது. எக்செல் மென்பொருள் அக்கோப்பை, பக்கத்து மேசையிலிருந்து வந்த கோப்பைத் திறப்பதுபோலத் திறந்தது. நச்சுநிரல் தடுப்பு, அறியப்பட்ட தீநிரல்களின் அடையாளங்களோடு அதை ஒப்பிட்டது. திருத்தப்படாத புதிய பிழைக்கு அடையாளம் ஏதும் இருக்கவில்லை. ஒரு காவல் பாதி அறிந்திருந்தது. மற்றொன்றுக்கு எதுவும் தெரிவிக்கப்படவில்லை.

இதற்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. இதே ஃபிளாஷ் பிழை குறித்து அம்மாதமே மைக்ரோசாப்ட் வெளியிட்ட குறிப்பு, ஆபீஸ் 2010 பதிப்பைப் பயன்படுத்துவோர் அப்போதைய தாக்குதலுக்கு ஆட்பட மாட்டார்கள் என்றது. நினைவகத்தின் தரவுப் பகுதியில் நிரல் இயங்குவதை அப்பதிப்பு இயல்பாகவே தடுத்தது ஒரு காரணம். மற்றொரு காரணம், அஞ்சல் வழி வந்த கோப்புகளை அது 'காப்புப் பார்வை' என்னும் கட்டுண்ட நிலையில் திறந்தது என்பதாகும். கோப்பு அஞ்சல் வழி வந்தது என்பதை எக்செல் எவ்வாறு அறிந்தது என்பதே அடுத்து ஆராயத்தக்கது.

கோப்போடு பயணம் செய்யும் குறி

2004இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத்தொகுப்பு ஒரு சிறு ஏற்பாட்டைச் செய்தது. இணையத்திலிருந்தோ அஞ்சலிலிருந்தோ ஒரு கோப்பு வட்டில் சேமிக்கப்படும்போது, அதன் பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு துணைத்தரவு எழுதப்பட்டது. அதில் வந்த இடத்தைக் குறிக்கும் ஓர் எண் இருக்கும். மூன்று என்றால் இணையம். இணையக் குறி எனத்தக்க இது, கோப்பின் உள்ளடக்கத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதன் பிறப்பிடத்தை மட்டும் நினைவில் வைக்கிறது.

தொழில்நுட்ப நோக்கில் இது சில எழுத்துகளால் ஆன குறிப்பு. வரலாற்று நோக்கிலோ, அஞ்சற் காவலின் வினாவுக்கான விடையை முனையத்திற்குள் கொண்டுவந்த முதன்மையான பாலம் இதுவே. காப்புப் பார்வை இக்குறியைப் படித்தே செயற்பட்டது. மெலிசா தோன்றி இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 2022இல், இணையக் குறியுள்ள ஆவணங்களின் மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் இயல்பாகவே தடை செய்தபோதும் அடிப்படையாக அமைந்தது இக்குறிதான். அத்தடை பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு, ஜூலையில் சிலகாலம் திரும்பப் பெறப்பட்டு, அம்மாதமே மீண்டும் நடைமுறைக்கு வந்தது. மேக்ரோவை நம்பித் தொழில் நடத்தும் அலுவலகங்கள் எத்துணை என்பதை அத்தயக்கம் காட்டுகிறது.

பாலத்தின் வலுவின்மையைத் தாக்குவோர் விரைவில் கண்டனர். குறி விண்டோஸின் ஒருவகைக் கோப்பமைப்பில் மட்டுமே ஒட்டியிருக்கும். வேறு அமைப்புள்ள விரலியில் படியெடுத்தால் உதிர்ந்துவிடும். குறுவட்டின் படிமமாக அமைந்த ஒரு பொதிக்குள் தீநிரலை வைத்து அனுப்பினால், குறி பொதியின்மேல் விழுந்ததே அன்றி உள்ளிருந்த கோப்பின்மேல் விழவில்லை. மேக்ரோத் தடை வந்த காலத்தில் இத்தகைய படிமக் கோப்புகள் தூண்டிலஞ்சல்களில் பெருகின. 2022 நவம்பர்த் திருத்தத்தின் பின்னரே உள்ளிருக்கும் கோப்புகளுக்கும் குறி இறங்கியது. தீநிரல் எழுதுவோர் ஒரு வடிகட்டியை ஏய்ப்பதைக் காட்டிலும், இரு காவல்களுக்கிடையே செல்லும் செய்தியை அறுப்பதில் ஈடுபட்டனர் என்பது கருதத்தக்கது.

வங்கதேச வங்கி: ஓராண்டு இடைவெளி

ஆர்எஸ்ஏ நிகழ்வில் ஐயம் முன்னோக்கிச் செல்லவில்லை. பின்னோக்கிச் செல்ல வேண்டிய செய்தியும் உண்டு என்பதை வங்கதேச வங்கியின் கொள்ளை உணர்த்துகிறது. அமெரிக்க நீதித்துறை 2018இல் வெளியிட்ட குற்றச்சாட்டு ஆவணத்தின்படி, 2015 ஜனவரியில் வேலை தேடுபவர் ஒருவரின் பெயரில் வங்கி ஊழியர்கள் பலருக்கு மடல்கள் வந்தன. தன்விவரக் குறிப்பு எனச் சொல்லப்பட்ட கோப்புக்கான தொடுப்பு அவற்றில் இருந்தது. குறைந்தது மூன்று கணினிகளிலிருந்து அக்கோப்பைத் தரவிறக்கும் முயற்சி நடந்தது. நியூயார்க் கூட்டாட்சி இருப்பு வங்கியில் இருந்த வங்கதேசத்தின் கணக்கிலிருந்து பணம் கோரும் போலிக் கட்டளைகள் அனுப்பப்பட்டது 2016 பிப்ரவரி 4 அன்று. இடைப்பட்ட காலம் ஓராண்டுக்கும் மேல்.

கோரப்பட்ட தொகை ஏறத்தாழ 95.1 கோடி டாலர். அதில் 8.1 கோடி பிலிப்பைன்ஸ் சென்று சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. இலங்கையில் ஓர் அறக்கட்டளையின் பெயருக்குச் சென்ற 2 கோடி, அப்பெயரில் இருந்த எழுத்துப்பிழையை இடைவங்கி ஒன்று ஐயுற்றதால் மீண்டது. முனையத்தில் இருந்த தீநிரலின் திறம் வியப்பூட்டுவது: பரிமாற்றங்களை உறுதிசெய்யும் தாள்களை அச்சிடும் பொறியின் வெளியீட்டில் அது தலையிட்டது. மறுநாள் அச்சுப்பொறி இயங்காததை ஊழியர்கள் வழக்கமான பழுது என்றே எண்ணினர்.

தூண்டில் விழுங்கப்பட்ட நாளுக்கும் முள் இழுக்கப்பட்ட நாளுக்கும் இடையிலான அவ்வோராண்டில் அஞ்சல் வடிகட்டி செய்யக்கூடியது எதுவுமில்லை. மடல் கடந்து சென்றுவிட்டது. முனையத்தில் நிகழ்வதைத் தொடர்ந்து பதிவுசெய்து, பின்னோக்கி ஆராய உதவும் கருவிகளுக்குத் தனிப்பெயர் தேவை எனக் கார்ட்னர் நிறுவனத்தின் ஆய்வாளர் ஆன்டன் சுவாகின் 2013இல் முன்மொழிந்ததன் பொருள் இங்குத்தான் விளங்குகிறது. அடையாளம் ஒப்பிடும் பழைய முறை, கோப்பு நல்லதா தீயதா என ஒருமுறை கேட்டு நிறுத்திக்கொள்ளும். புதிய முறையோ, வேர்டு ஆவணம் ஒன்று திறந்தவுடன் கட்டளைச் சாளரம் ஏன் எழுந்தது, அது ஏன் அறியாத முகவரியைத் தொடர்புகொண்டது எனத் தொடர்ந்து கேட்கும்.

இக்கருவிகள் அஞ்சற் காவலோடு இணையும்போது செய்தி பின்னோக்கிப் பாய்கிறது. ஒரு முனையத்தில் தீச்செயல் கண்டறியப்பட்டால், அதற்குக் காரணமான கோப்பின் கைரேகை போன்ற சுருக்க எண் கணிக்கப்படுகிறது. அதே எண்ணுடைய கோப்பு வேறு எவருடைய பெட்டிக்கு வந்துள்ளது எனத் தேடப்படுகிறது. திறக்கப்படாத மடல்கள் பெட்டியிலிருந்தே அகற்றப்படுகின்றன. ஒருவர் ஏமாந்தது மற்றவர்களுக்குக் காப்பாகிறது. மும்முனைகளில் ஒரே மடல் முயன்ற வங்கதேச நிகழ்வுக்கு இத்தகைய பாய்வு எத்துணை பொருந்தியிருக்கும் என்பது வெளிப்படை.

முனையம் காணாத களவு

இத்துணைமைக்கு எல்லைகளும் உள்ளன. 2016 மார்ச் 19 அன்று ஹிலாரி கிளின்டனின் தேர்தல் குழுத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்குக் கூகுளின் பெயரில் வந்த மடல், கடவுச்சொல்லை உடனே மாற்றக் கோரியது. குழுவின் தொழில்நுட்ப உதவியாளர் அது போலி என எழுத எண்ணி, எதிர்மறை முன்னொட்டை விட்டுவிட்டதாகப் பின்னர்க் கூறினார். விடையில் 'முறையான மடல்' என்றே இருந்தது. இரு நாட்களில் ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்ட மடல்கள் களவாடப்பட்டதாக அமெரிக்கக் குற்றச்சாட்டு ஆவணம் கூறுகிறது. அவருடைய கணினியில் தீநிரல் எதுவும் இறங்கத் தேவையிருக்கவில்லை. 1990களின் கோப்பில்லாத் தூண்டில் மீண்டும் வந்திருந்தது. முனையக் காவல் தேடுவதற்கு அங்கே முள் இல்லை.

இவ்வகைக் களவுக்கு விடை, எதிர்பாரா வகையில், முனையத்திலிருந்தே வந்தது. 2014இல் தரப்படுத்தப்பட்ட வன்பொருள் பாதுகாப்புச் சாவி, உலாவி திறந்திருக்கும் தளத்தின் உண்மையான முகவரிக்கு மட்டுமே விடையளிக்கும். போலித்தளத்தில் பயனர் ஏமாந்து கடவுச்சொல்லைத் தந்துவிட்டாலும் சாவி விடையளிப்பதில்லை. 85,000க்கும் மேற்பட்ட தன் ஊழியர்களுக்கு இதைக் கட்டாயமாக்கிய 2017 தொடக்கம் முதல், பணிக்கணக்கு எதுவும் கைப்பற்றப்பட்டதாக உறுதியாகவில்லை எனக் கூகுள் 2018இல் தெரிவித்தது. இரையை ஆராயும் பணியில் ஒரு பகுதியை இங்கே முனையம் ஏற்றுக்கொண்டது.

அதே நிறுவனத்தின் மற்றொரு பட்டறிவு வேறுவகையானது. 2013 முதல் 2015 வரை, தைவான் வன்பொருள் உற்பத்தியாளர் ஒருவரின் பெயரில் போலி விலைப்பட்டியல்களை அனுப்பிக் கூகுள், ஃபேஸ்புக் ஆகிய இரு நிறுவனங்களிடமிருந்தும் 12 கோடி டாலருக்கும் மேல் பெற்றார் லித்துவேனியாவைச் சேர்ந்த எவால்தஸ் ரிமசாவ்ஸ்காஸ். கோப்புகள் வெறும் விலைப்பட்டியல்களே. அவற்றில் நிரல் இல்லை, கடவுச்சொல்லும் கேட்கப்படவில்லை. கணக்குப் பிரிவு ஊழியர்கள் தம் அன்றாடப் பணியைச் செய்து பணத்தை அனுப்பினர். 2019 டிசம்பரில் அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.